85,000 ரூபாய் சான்றிதழும் ஒரு இன்ச் டேப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற திங்கட்கிழமை உங்கள் கல்வி இணைப்பில் புதுமையான வேலைகள் பற்றி அரைப்பக்கம் வந்திருந்தது. அதில் மூன்றாவதாக 'கார்ப்பரேட் ரீலொகேஷன் ஸ்பெஷலிஸ்ட்', அதாவது கம்பெனி மாற்றலில் ஊர் மாறும் குடும்பங்களைக் குடியேற்றிவைப்பவர். அட, நான் செய்த வேலைக்கு அச்சில் ஒரு பெயர் வந்துவிட்டதே என்று கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தேன். ஏதாவது ஒரு பட்டம், ஆறு மாத டிப்ளமோ, நல்ல ஆங்கிலம், அவ்வளவு போதும் என்று நான்கே வரியில் முடித்துவிட்டீர்கள்.

இதே நான்கு வரியை வேறொரு விளம்பரத்தில் பார்த்துவிட்டுத்தான் என் தங்கை மகள் போன வருஷம் 85,000 ரூபாய் கட்டினாள். வளையலை அடகு வைத்த பணம். எந்த நிறுவனம் என்று எழுத எனக்கு விருப்பமில்லை. அது ஒன்றுதான் அப்படி என்றும் சொல்ல மாட்டேன். ஆறு மாதம் முடிந்ததும் தங்க நிறக் கரை போட்ட சான்றிதழ் கொடுத்தார்கள். முதல் நேர்காணலில் கேட்ட கேள்வி இது: "மூன்று படுக்கையறை வீட்டுச் சாமான் 20 அடி கன்டெய்னரில் அடங்குமா? எப்படிக் கணக்குப் போடுவீர்கள்?" அவளுக்குப் பதில் தெரியவில்லை. ஆறு மாதத்தில் ஒரு நாள்கூட அவளை ஒரு கிடங்குக்குக் கூட்டிப் போகவில்லை, ஒரு பெட்டி கட்டுவதைக் காட்டவில்லை. வீட்டுக்கு வந்து, "பெரியம்மா, நீங்கள் இதையெல்லாம் எங்கே படித்தீர்கள்?" என்று கேட்டாள். அதற்கான பதிலைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன். கடிதம் நீண்டால் வெட்டிக்கொள்ளுங்கள்.

நான் படித்தது திருச்சியில் பி.காம். 1995-இல் சென்னைக்கு வந்து, பாரிமுனை அங்கப்ப நாயக்கன் தெருவில் ஒரு பேக்கிங் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். நான் அடித்த முதல் தாளே ஒரு பேக்கிங் லிஸ்ட்தான். 40 பெட்டிகள், ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று. பாதிப் பெட்டிகளுக்கு நேராக 'பல்வகைப் பொருட்கள்' என்று அடித்துவிட்டேன். கஸ்டம்ஸ் வேலையைப் பார்க்கும் எங்கள் கிளியரிங் அண்ணன் தாளைத் திருப்பி எறிந்தார். "இப்படி எழுதினால் கஸ்டம்ஸ்காரர் அந்த 20 பெட்டியையும் பிரிப்பார். நீ போய்த் திருப்பிக் கட்டுவாயா?" என்றார். எனக்குக் கிடைத்த முதல் பாடம் அது, கட்டணம் இல்லாமல்.

அப்புறம் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது. 1998-இல் அங்கிருந்து கார் வெளியே வரத் தொடங்கியது. கொரியக் குடும்பங்கள் சென்னையில் வீடு தேடின. பின்னால் ஒரகடத்தில் ரெனோ நிசான், டெய்ம்லர் என்று ஒவ்வொன்றாக வந்தன. சாமான் இறக்கியதும் வேலை முடிந்தது என்று இருந்த எங்களிடம், "வீடு பார்த்துத் தருவீர்களா, பள்ளிக்கூடம் பார்த்துத் தருவீர்களா, வேலைக்கு ஆள் கிடைக்குமா" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அப்படித்தான் நான் பேக்கிங்கிலிருந்து ரீலொகேஷனுக்கு வந்தேன். விசா, வாடகை வீடு, பள்ளி, வங்கிக் கணக்கு, கேஸ் இணைப்பு, சாமான், திரும்பிப் போகும்போது அட்வான்ஸை மீட்டுக் கொடுப்பது, எல்லாம் ஒருவர் தலையில். கம்பெனி பணம் கொடுக்கும். குடும்பம் நம்மைக் கூப்பிடும். இரண்டு பேருக்கும் நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

2007-இல் ஜப்பானிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு அடையாறில் வீடு பார்த்துக் கொடுத்தேன். குடிபுகுந்த அன்று மாலை அந்த அம்மா, சாதம் வைக்கும் குக்கரைத் தன் கையாலேயே பெட்டியிலிருந்து எடுத்தார். பிளக் நம் சாக்கெட்டில் நுழையவில்லை. நான்தான் சமர்த்தாகக் கீழே கடைக்கு ஓடி, பின்னை மாற்றும் அடாப்டர் ஒன்றை வாங்கி வந்து மாட்டிக் கொடுத்தேன். ஒரு நிமிடம் ஆகியிருக்காது. 'பட்' என்று ஒரு சத்தம், அப்புறம் கருகல் வாடை. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நம்முடையது 230. அடாப்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், மின்சாரத்தை மாற்றாது என்பது பி.காம். படித்த எனக்குத் தெரியவில்லை. அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "சுமிமாசென், சுமிமாசென்" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டுத் தலை குனிந்தார். திட்டியிருந்தால் அன்று இரவு தூங்கியிருப்பேன்.

மறுநாள் ரிச்சி தெருவுக்குப் போய், 230 வோல்ட்டை 100-ஆகக் குறைக்கும் 1,500 வாட் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை, அம்மிக்கல் மாதிரி கனத்தது, ஆட்டோவில் வைத்துக் கொண்டு வந்தேன். புதுக் குக்கரும் என் செலவுதான். அன்றிலிருந்து, சாமான் அங்கே கட்டப்படும் முன்பே நான் அனுப்பும் குறிப்பில் முதல் வரி இதுதான்: எந்த மின்சாதனத்தின் அடியிலும் இருக்கும் சின்ன எழுத்தைப் படம் பிடித்து அனுப்புங்கள். கொரியாவிலிருந்து வருபவர்களுக்குக் கவலை குறைவு, அங்கே 220 வோல்ட். அமெரிக்காவிலிருந்து வருபவர்களிடம் மிக்ஸியை அங்கேயே விட்டுவிட்டு வரச் சொல்வேன்.

இதையெல்லாம் பாடத்திட்டத்தில் எங்கே வைப்பது என்று கேட்கலாம். வைக்க முடிகிற பகுதியும் இருக்கிறது. அதுதான் சட்டமும் தாளும். அதில்தான் என் தங்கை மகளுக்குக் கொடுத்த புத்தகம் என்னை எரிச்சல்படுத்தியது. வெளிநாட்டவர் பதிவு பற்றிய பாடத்தில் 1939 சட்டம், 1946 சட்டம் என்று பக்கம் பக்கமாகப் போட்டிருக்கிறார்கள். அவற்றையும் இன்னும் இரண்டு சட்டங்களையும் நீக்கிவிட்டு ஒரே சட்டமாக்கி, 2025 செப்டம்பர் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. நீக்கிய சட்டத்தை மனப்பாடம் செய்யவா வளையலை அடகு வைத்தாள்?

180 நாளுக்கு மேல் செல்லும் வேலை விசாவில் வருபவர், வந்த 14 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். 2018-க்கு முன்பு ஹாடோஸ் ரோடு சாஸ்திரி பவனில் உள்ள வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குக் காலையிலேயே போய் வரிசையில் நிற்போம். கைக்குழந்தைக்கும் போட்டோ, ஜெராக்ஸ் எல்லாம் தனி. இப்போது ஆன்லைன். ஆன்லைன் என்றதும் சுலபம் என்று நினைக்காதீர்கள். வாடகை ஒப்பந்தத்தில் பெயரின் ஒரு எழுத்து பாஸ்போர்ட்டோடு பொருந்தாமல் போனால் விண்ணப்பம் திரும்பி வரும். 14 நாளில் நான்கு நாள் அதிலேயே போய்விடும்.

வீட்டுக்காரருக்கும் ஒரு கடமை உண்டு. வெளிநாட்டவர் தங்க வந்தால் 24 மணி நேரத்துக்குள் அவர் தகவல் தர வேண்டும். நாங்கள் அதை சி ஃபார்ம் என்போம். பெசன்ட் நகரில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், நல்ல மனிதர், இதைக் கேட்டதும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "நான் வீடு வாடகைக்கு விட்டிருக்கேனா, லாட்ஜ் நடத்துறேனா? எதுக்கு போலீஸுக்கெல்லாம் எழுதிக் கொடுக்கணும்?" என்றார். சார், இது புகார் இல்லை, தகவல்தான் என்று ஒரு டம்ளர் காபி ஆறும் வரை சொல்லி, அவர் கம்ப்யூட்டரிலேயே அவருக்குக் கணக்குத் திறந்து, கடவுச்சொல்லைக் காலண்டர் ஓரத்தில் எழுதிவைத்துவிட்டு வந்தேன். அடுத்த குடும்பம் வந்தபோது அவரே போட்டுவிட்டு எனக்குப் போன் செய்தார்.

வாடகை விஷயமும் அப்படித்தான். சென்னையில் 10 மாத அட்வான்ஸ் என்பது ஊர் வழக்கமாக இருந்தது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டமோ, வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து வாடகை அதிகாரியிடம் பதியவும் சொல்கிறது. வெளிநாட்டுத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் சட்டத்தைப் படித்துவிட்டு, "மூன்று என்று இருக்கும்போது நான் ஏன் ஆறு கொடுக்க வேண்டும்?" என்று மின்னஞ்சல் போடுவார். இங்கே புரோக்கர், "அந்த வீட்டுக்கு இன்னும் இரண்டு பார்ட்டி நிற்கிறது மேடம்" என்பார். நடுவில் நிற்பதுதான் நம் வேலை. காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் பழக்கத்தை முதல் நாளே சொல்லி எழுதி வாங்காவிட்டால், கடைசி நாளில் விமான நிலையத்துக்குப் போகும் வழியெல்லாம் சண்டைதான்.

வரி, பி.எஃப். எல்லாம் ஆடிட்டர் பார்ப்பார். எந்தக் கேள்வியை எப்போது ஆடிட்டரிடம் கொண்டுபோவது என்று தெரிந்திருப்பது நம் பொறுப்பு. இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2016 அக்டோபரிலிருந்து இருக்கிறது. கொரியாவோடு 2011 நவம்பரிலிருந்து. ஊழியர் தன் நாட்டுச் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் பணம் கட்டுகிறார் என்ற சான்றை அங்கிருந்தே வாங்கி வந்தால் இங்கே பி.எஃப். பிடிக்கத் தேவையில்லை. அமெரிக்காவோடு இப்படி ஒப்பந்தம் இல்லை. இந்த ஒரு தாளை வாங்கச் சொல்ல மறந்தால் எத்தனை லட்சம் சிக்கிக்கொள்ளும் என்பதை ஒருமுறை பார்த்தவர் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்.

சரி, நேர்காணல் கேள்விக்கு வருகிறேன். 20 அடி கன்டெய்னரின் உள் கொள்ளளவு ஏறக்குறைய 33 கன மீட்டர். ஒரு கன மீட்டர் என்பது 35 கன அடிக்குச் சற்று மேல். ஆனால் நாற்காலியும் சோபாவும் செங்கல் மாதிரி அடுக்க வராது. 28 கன மீட்டருக்கு மேல் நம்பக் கூடாது என்று எங்கள் கிடங்கு மேஸ்திரி சொல்வார். அதாவது ஆயிரம் கன அடிக்குக் கொஞ்சம் குறைவு. வீட்டுச் சாமானை அளந்து கூட்டினால் அதற்குள் வர வேண்டும். விமானத்தில் அனுப்பினால் கணக்கே வேறு. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுத்து வரும் எண்ணையும், தராசு காட்டும் எடையையும் பார்த்து, எது அதிகமோ அதற்குக் காசு. 60, 50, 50 அளவுள்ள பெட்டி நிறையக் குழந்தையின் கரடி பொம்மைகளை அடைத்தால் தராசில் 6 கிலோதான் நிற்கும்; பில் 25 கிலோவுக்கு வரும். இதைத் தங்கை மகளிடம் சொன்னபோது அவள் போன் கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, "அநியாயம் பெரியம்மா" என்றாள். அநியாயமோ நியாயமோ, பெட்டி கட்டுமுன் குழந்தையின் அம்மாவிடம் சொல்லி, பொம்மைகளைக் கப்பலில் போகும் பெட்டிக்கு மாற்றுவதுதான் ஸ்பெஷலிஸ்டின் வேலை. மரப்பெட்டி அடித்தால் அந்த மரம் 56 டிகிரிக்குக் குறையாமல் 30 நிமிடம் சூடேற்றப்பட்டோ, புகைமருந்து போடப்பட்டோ முத்திரை குத்தப்பட்டிருக்க வேண்டும், பூச்சி போகக் கூடாது என்பதற்காக. முத்திரை இல்லாத பெட்டி அயல்நாட்டுத் துறைமுகத்தில் நின்றுவிடும்.

சான்றிதழே வேண்டாம் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். அமெரிக்காவில் 1964-இல் தொடங்கிய ஓர் அமைப்பு, இப்போது வெர்க் என்று பெயர், சி.ஆர்.பி. என்ற தேர்வு நடத்துகிறது. நல்ல தேர்வு. ஆனால் அது அமெரிக்காவுக்குள் நடக்கும் இடமாற்றத்துக்கானது: ஊழியரின் பழைய வீட்டை விற்பது, வீட்டுக் கடன், அந்த நாட்டு வரி. அங்கே 2018 முதல், கம்பெனி கொடுக்கும் சாமான் ஏற்றும் செலவும் ஊழியரின் சம்பளமாகவே கருதப்பட்டு மத்திய வரி விழுகிறது. அந்த வரியையும் கம்பெனியே சேர்த்துக் கொடுப்பதை 'கிராஸ் அப்' என்பார்கள். சென்னையில் உட்கார்ந்து இரவு ஷிப்டில் அமெரிக்க இடமாற்றங்களைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு இது சோறு போடும். ஒரகடத்துக்கு வரும் ஜப்பான்காரருக்கு வீடு பார்ப்பவருக்கு இதனால் பலன் குறைவு. அவருக்கு, நாடு விட்டு நாடு மாறுவதைப் பற்றிய, அதே அமைப்பின் ஜி.எம்.எஸ். படிப்போ, ஐரோப்பிய ரீலொகேஷன் சங்கமான யூராவின் பயிற்சியோ பொருந்தும். அதையும் இரண்டு மூன்று வருஷம் வேலை செய்த பிறகு, கம்பெனி செலவில் எழுதுவது புத்திசாலித்தனம். அப்புறம் இன்னொன்று. ஃபைம் என்று ஒரு தரச்சான்று உண்டு, ஃபிடி என்ற உலகளாவிய அமைப்பு கொடுப்பது. அது சாமான் ஏற்றும் கம்பெனிகளுக்குத் தரப்படுவது, ஆட்களுக்கு இல்லை. தங்கை மகள் சேர்ந்த இடத்தின் விளம்பரத் தாளில், படித்து முடித்தால் இதுவும் கிடைக்கும் என்பதுபோல அந்தப் பெயரையும் போட்டிருந்தார்கள்.

காசைப் போட வேண்டும் என்றால் மொழியில் போடுங்கள். சென்னையில் ஜப்பானிய மொழிக்கு ஏ.பி.கே. ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய், கொரிய மொழிக்கு இன்கோ சென்டர், ஜெர்மனுக்கு மாக்ஸ் முல்லர் பவன் இருக்கின்றன. ஜப்பானியத் தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது. நான் அதில் அடிப்படை நிலையான என்.5 தேறினேன், அதற்கு அடுத்த என்.4 இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கோட்டை விட்டேன். அந்த அரைகுறை மொழியே எனக்குப் போதுமானதாக இருந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் என்று இரவு 11 மணிக்கு ஒரு தாய் கூப்பிடும்போது, எத்தனை நாளாக, வாந்தி உண்டா என்று அவர் மொழியில் இரண்டு வார்த்தை கேட்க முடிந்தாலே அவர் குரலில் பதற்றம் இறங்கிவிடும்.

வெளிநாட்டவரையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். சென்னையிலிருந்து புனேக்கு மாற்றலாகும் நம் ஆட்களுக்கும் இது எல்லாம் உண்டு. மகாராஷ்டிரத்தில் 2020 முதல் எல்லாப் பள்ளிகளிலும் மராத்தி கட்டாயம். ஏழாம் வகுப்புப் பிள்ளை அதை எங்கிருந்து தொடங்கும் என்று பள்ளியில் கேட்டுவைக்க வேண்டும். காரை 12 மாதத்துக்கு மேல் அங்கே வைத்திருந்தால் அந்த மாநிலத்தில் மறுபதிவு. அதற்கு இங்கே ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. வாங்க வேண்டும். கார் புனேயில் நிற்க, என்.ஓ.சி.க்காக அப்பா ரயில் ஏறி வந்த கதைகள் என்னிடம் நிறைய.

ஆகவே ஆசிரியர் அவர்களே, கேட்பது இரண்டுதான். அடுத்த முறை இந்த வேலையைப் பற்றி எழுதும்போது 'டிப்ளமோ போதும்' என்ற வரியை எடுத்துவிட்டு, கட்டணம் கட்டுமுன் கேட்க வேண்டியதைப் போடுங்கள்: கிடங்கில் எத்தனை நாள், பாடம் நடத்துபவர் கடைசியாக எந்தக் குடும்பத்தைக் குடியேற்றினார், புத்தகம் எந்த வருஷத்தது. இன்னொன்று அரசுக்கு. 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் எத்தனையோ திறன்களைக் கற்றுத் தருகிறார்கள். கலைக் கல்லூரியில் பி.காம்., சுற்றுலா படிக்கும் பிள்ளைகளுக்கு இதையும் சேர்க்கலாம். இரண்டு மாதம் ஒரு பேக்கிங் கிடங்கில், ஒரு மாதம் வீடு காட்டும் ஆளோடு. ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆள் தேவை இல்லாமல் போகாது.

தங்கை மகள் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருகிறாள். போன வாரம் அவள் கையில் இன்ச் டேப்பைக் கொடுத்து, இந்த வீட்டை நாளைக்கே காலி செய்வதாக வைத்துக்கொள், சாமான் எல்லாவற்றையும் அளந்து சர்வே எடு என்றேன். கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தாள். துணி காயப்போடும் ஸ்டாண்டையும் எழுதினாள். ஒரு மணி நேரம் கழித்து 480 கன அடி என்று பெருமையாகத் தாளை நீட்டினாள். நான் ஒன்றும் பேசாமல் தலையைத் தூக்கிப் பரணைப் பார்த்தேன். அங்கே என் மாமியார் காலத்துப் பித்தளை அண்டாக்களும், மூன்று பெட்டி கொலு பொம்மைகளும் இருக்கின்றன. "ஒவ்வொரு பொம்மையையும் தனித்தனியாகச் சுற்ற வேண்டுமா பெரியம்மா?" என்று கேட்டுக்கொண்டே ஏணியைத் தேடப் போனாள்.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகி,
நங்கநல்லூர், சென்னை - 61.